அழித்தெழுதப்பட்ட உலகம்: ‘கேட்டக்ளிசம்’ விரிவாக்கம் குறித்த மறுமதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் இணையப் பாத்திரமேற்பு விளையாட்டின் மூன்றாவது விரிவாக்கமான ‘கேட்டக்ளிசம்’ 2010 டிசம்பரில் வெளிவந்தது. சந்தாதாரர் எண்ணிக்கையின் சரிவு அதனுடன் தொடங்கியமையால் அவ்விரிவாக்கம் விளையாட்டின் வீழ்ச்சிக்குக் காரணமானது என்னும் கருத்து நிலைபெற்றது. அக்கருத்தின் அடிப்படைகளை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. கடினத்தன்மை, உள்ளடக்கப் பற்றாக்குறை, பழைய உலகின் இழப்பு என்னும் மூன்று வேறு குறைகள் ஒரே தீர்ப்பில் கலந்துள்ளன என்பதும், அவற்றுள் மூன்றாவதே வரலாற்று நோக்கில் முதன்மையானது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. உலகைத் திருத்தியமைத்தது பெரும்பாலும் தகுதியான பணியே. திருத்தத்திற்கு முந்தைய வடிவை எவரும் அணுக இயலாதபடி நீக்கியதே அதன் பிழை என்பது கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: இணைய விளையாட்டு வரலாறு, கேட்டக்ளிசம், மின்னணு ஆவணக் காப்பு, பதிப்பியல், வார்கிராஃப்ட்

1. முன்னுரை

அமெரிக்காவின் பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2004 நவம்பர் 23 அன்று வெளியிட்ட ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’, இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழைந்து உலவும் கற்பனை உலகம் ஒன்றை அமைத்துத் தந்தது. அசெரோத் எனப்படும் அவ்வுலகில் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்து, பணிகளை முடித்து, படிப்படியாக உயர்நிலைகளை எட்டுவர். மாதச் சந்தா செலுத்தி ஆடப்படும் இவ்விளையாட்டுக்கு 2007 ஜனவரியில் ‘பர்னிங் குருசேட்’, 2008 நவம்பரில் ‘ராத் ஆஃப் தி லிச் கிங்’ ஆகிய விரிவாக்கங்கள் வெளிவந்தன. இரண்டும் பரவலான வரவேற்பைப் பெற்றன.

மூன்றாவதாக 2010 டிசம்பர் 7 அன்று வெளிவந்த ‘கேட்டக்ளிசம்’ முதல் நாளிலேயே 33 இலட்சம் படிகளும் முதல் மாதத்தில் 47 இலட்சம் படிகளும் விற்பனையாயிற்று. ஆயினும் ஈராண்டுக்குள் அதன் பெயர் வீழ்ச்சியின் குறியீடாக மாறியது. விளையாட்டின் வரலாற்றை எடுத்துரைப்போர் பலரும் அதன் பொற்காலத்தை முதல் இரு விரிவாக்கங்களுடன் நிறைவுபெறச் செய்து, ‘கேட்டக்ளிசம்’ தொடங்கி இறங்குமுகத்தைக் கணக்கிடுவர்.

வெளியான நாள்களில் எழுந்த மனநிலை, பின்னர் திரண்ட நினைவு, எண்ணிக்கைகளின் தோற்றம் ஆகியவை ஒன்றுகூடி ஒரு தீர்ப்பாக இறுகிவிடும்போது அத்தீர்ப்பைப் பிரித்துப் பார்ப்பது வரலாற்றாய்வின் கடமையாகும். 2024இல் இவ்விரிவாக்கம் மீண்டும் வெளியிடப்பட்டமை அதற்குரிய வாய்ப்பை அளிக்கிறது.

2. திருத்தத்தின் தேவை

2010இல் இவ்விளையாட்டுக்குள் புதிதாக நுழைந்த ஒருவர் எதிர்கொண்ட நிலையை முதலில் நோக்க வேண்டும். முதல் விரிவாக்கம் அவுட்லேண்ட் என்னும் வேற்றுலகையும், இரண்டாவது நார்த்ரெண்ட் என்னும் வடபுலக் கண்டத்தையும் சேர்த்தன. அனுபவமிக்கோர் அப்புதிய நிலங்களிலேயே காலம் கழித்தனர். 2004இல் அமைக்கப்பட்ட கலிம்டோர், ஈஸ்டர்ன் கிங்டம்ஸ் ஆகிய இரு கண்டங்களும் புதியோர் கடந்து செல்லும் வழியாகச் சுருங்கின. வடிவமைப்பாளர்களின் ஆறாண்டுத் தேர்ச்சி முழுவதும் உயர்நிலைப் பகுதிகளில் குவிந்திருக்க, புதியவர் முதலில் காண்பதோ மிகப் பழைய, மிகக் கரடுமுரடான பகுதியாக இருந்தது. ஒரு பகுதியில் தொடங்கும் பணி கண்டத்தின் மறுகோடிக்கு அனுப்பும். சில நிலைகளுக்குரிய பணிகள் போதாமல் ஒரே வகை விலங்குகளை வேட்டையாடிக் காலம் தள்ள நேரும்.

நிலவமைப்பிலும் ஓர் இடர் இருந்தது. பழைய கண்டங்கள் தரையிலிருந்து பார்ப்பதற்காக மட்டுமே கட்டப்பட்டவை. மலைகளுக்கு அப்பால் முற்றுப்பெறாத வெளிகளும், ஒருபுறம் மட்டுமே உருக்கொண்ட கட்டடங்களும் இருந்தன. பறக்கும் வசதி அவுட்லேண்டிலும் நார்த்ரெண்டிலும் வழக்கமாகிவிட்ட பின்னர் அதைப் பழைய கண்டங்களுக்கும் நீட்டிக்க வேண்டுமாயின் நிலத்தையே மீளக் கட்ட வேண்டும். 2009 ஆகஸ்டில் பிளிஸ்கான் மாநாட்டில் இத்திட்டம் அறிவிக்கப்பட்டபோது எழுந்த வரவேற்புக்கு இப்பின்னணியே காரணம்.

3. மாற்றத்தின் இயல்பு

விரிவாக்கம் விற்பனைக்கு வருவதற்கு இரு வாரங்கள் முன்னதாக, 2010 நவம்பர் 23 அன்று 4.0.3ஏ என்னும் இணைப்புப் பதிப்பு வெளியானது. விளையாட்டு பிறந்து சரியாக ஆறாண்டு நிறைவுற்ற நாள் அது. டெத்விங் என்னும் பெருநாகம் நிலத்தைப் பிளந்து எழுந்தது என்னும் கதைக்காரணத்தின் துணையுடன் இரு கண்டங்களும் ஒரே நாளில் மாற்றப்பட்டன. பேரன்ஸ் என்னும் பரந்த புல்வெளி நெருப்புப் பிளவால் வடக்கு, தெற்கு என இரண்டாயிற்று. தௌசண்ட் நீடில்ஸ் என்னும் வறண்ட பள்ளத்தாக்கைக் கடல் மூழ்கடித்தது. ஆபர்டைன் துறைமுகம் இடிபாடாயிற்று. ஸ்டார்ம்விண்ட் தலைநகரின் பூங்காப்பகுதி அழிந்தது. பாலையாக இருந்த டெசொலேஸின் நடுவில் பசுமை தோன்றியது.

இம்மாற்றத்தின் இரு கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, விரிவாக்கத்தை விலை கொடுத்து வாங்காதவருக்கும் அது பொருந்தியது. ஹைஜால், வாஷ்ஜிர், டீப்ஹோம், உல்டும், ட்வைலைட் ஹைலேண்ட்ஸ் ஆகிய புதிய பகுதிகள் வாங்கியோருக்கு மட்டும் உரியவை. பழைய உலகின் இழப்போ அனைவருக்கும் பொது. இரண்டாவது, மாற்றம் மீளாதது. புதிய நிலம் பழையதன் அருகில் வைக்கப்படவில்லை. அதன் இடத்திலேயே வைக்கப்பட்டது.

அச்சு நூலுக்கும் இணைய விளையாட்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கு வெளிப்படுகிறது. ஒரு நூலின் திருத்திய பதிப்பு வெளிவந்தாலும் முந்தைய பதிப்பின் படிகள் நூலகங்களிலும் வீடுகளிலும் எஞ்சும். பாடவேறுபாடுகளை ஒப்பிடுவது இயலும். இணைய உலகிலோ உயிர்நாடி நிறுவனத்தின் சேவையகத்தில் உள்ளது. விளையாடுவோர் கணினியில் இருப்பது நிலப்படங்களும் உருவங்களும் ஒலிகளும் மட்டுமே. உயிரினங்களின் நடத்தையும் பணிகளின் ஒழுங்கும் போரின் கணக்கும் சேவையகத்தைச் சார்ந்தவை. நிறுவனம் புதிய பதிப்பை ஏற்றிய நொடியில் பழைய பதிப்பின் எல்லாப் படிகளும் உலகெங்கும் ஒருசேர மறைகின்றன.

4. மூன்று குறைகள், ஒரு தீர்ப்பு

‘கேட்டக்ளிசம்’ மீது சுமத்தப்பட்ட குறைகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, கடினத்தன்மை. முந்தைய விரிவாக்கத்தின் இறுதியில், 2009 டிசம்பரில், முன்பின் அறியாத ஐவரைத் தானாக ஒன்றுசேர்க்கும் டஞ்சன் ஃபைண்டர் வசதி வந்தது. அதன் வழியே நிலவறைகளை விரைந்து முடிக்கும் பழக்கம் ஓராண்டில் வேரூன்றியது. ‘கேட்டக்ளிசம்’ தொடக்கத்தில் அமைந்த உயர்கடின நிலவறைகள் திட்டமிடலையும் பேச்சையும் வேண்டின. பேசிப் பழகாத ஐவரிடம் அவற்றை ஒப்படைத்தபோது தோல்வியும் பூசலும் மிகுந்தன. அமைப்புகளின் தலைமை வடிவமைப்பாளர் கிரெக் ஸ்ட்ரீட் 2011 ஜனவரியில் எழுதிய விளக்கக் குறிப்பு, அக்கடினத்தன்மை திட்டமிட்டதே என்று நிலைநாட்டியது. ஆயினும் அடுத்த மாதங்களில் நிலவறைகள் படிப்படியாக எளிதாக்கப்பட்டன. கடினத்தன்மையை வரவேற்றோர், வெறுத்தோர் ஆகிய இருதரப்பும் இதனால் மனநிறைவு பெறவில்லை. நிலவறைகளின் அமைப்பைக் காட்டிலும், அவற்றுக்கும் ஆள்சேர்க்கும் முறைக்கும் இடையே இருந்த பொருத்தமின்மையே இங்குக் குறை எனலாம்.

இரண்டாவது, உள்ளடக்கப் பற்றாக்குறை. 2011 ஜூனில் ‘ஃபயர்லேண்ட்ஸ்’, நவம்பர் 29 அன்று ‘டிராகன் சோல்’ ஆகிய பெருங்குழுப் போர்க்களங்கள் வெளிவந்தன. திட்டமிடப்பட்டிருந்த ‘அபிஸல் மா’ என்னும் நீரடிக் களம் கைவிடப்பட்டது. ‘டிராகன் சோல்’ முந்தைய விரிவாக்கத்தின் கோயிற்பகுதியை மீண்டும் பயன்படுத்தியது. கதையின் மையப்பகைவனான டெத்விங்குடன் நிகழும் போரோ அவன் முதுகிலும் உறுப்புகளிலும் நிகழ்ந்ததேயன்றி முழுஉருவத்துடன் நிகழவில்லை. அதன்பின் 2012 செப்டம்பர் 25 அன்று அடுத்த விரிவாக்கம் வரும்வரை ஏறத்தாழ பத்து மாதங்கள் புதிய பெருங்களம் எதுவும் இல்லை. இக்குறை உண்மையானதே. ஆனால் இதற்கு முந்தைய ‘ராத்’ விரிவாக்கமும் 2009 டிசம்பரில் ‘ஐஸ்கிரவுன் சிட்டடெல்’ வந்த பின்னர் ஓராண்டுக் காலம் ஒரேயொரு சிறுகளத்துடன் நின்றது என்பதை நினைவுகூர வேண்டும். அவ்விடைவெளி மன்னிக்கப்பட்டது, இது மன்னிக்கப்படவில்லை. எனவே இடைவெளி மட்டும் வெறுப்புக்குக் காரணமாகாது.

மூன்றாவது, பழைய உலகின் இழப்பு. வெளியான காலத்தில் இது குறையாகப் பெரிதும் பேசப்படவில்லை. புதிய நிலங்களைக் கண்ட வியப்பே மேலோங்கியிருந்தது. இழப்புணர்வு காலந்தாழ்த்தித் திரண்டது. இழந்தது இன்னதென உணர்வதற்கே சில ஆண்டுகள் தேவைப்பட்டன.

5. எண்ணிக்கைகளின் சான்று

சந்தாதாரர் எண்ணிக்கை 2010 அக்டோபரில் 1.2 கோடி என்னும் உச்சத்தில் இருந்தது. 2011 மார்ச் இறுதியில் 1.14 கோடி, ஜூன் இறுதியில் 1.11 கோடி, செப்டம்பர் இறுதியில் 1.03 கோடி என அது இறங்கியது. 2012 ஜூன் இறுதியில் 91 இலட்சமாயிற்று. விரிவாக்கமே காரணம் என்னும் வாதத்துக்கு இவ்வரிசை தெளிவான சான்றாகத் தோன்றும்.

ஆனால் உச்சம் எவ்வாறு அமைந்தது என்பதையும் காண வேண்டும். சீனாவில் ‘ராத்’ விரிவாக்கம் ஏறத்தாழ ஈராண்டுத் தாமதத்துக்குப் பின் 2010 ஆகஸ்ட் 31 அன்றே வெளியானது. அதற்கடுத்த வாரங்களில் எட்டப்பட்டதே 1.2 கோடி. ‘கேட்டக்ளிசம்’ அங்கு 2011 ஜூலையில் சென்றடைந்தது. ஆகவே 2011 முற்பாதியின் சரிவைச் சீனத்து ஆட்டக்காரர் ‘கேட்டக்ளிசம்’ மீது காட்டிய வெறுப்பாகக் கொள்ள இயலாது. அவர்கள் அதை அப்போது கண்டிருக்கவில்லை. 2011 மூன்றாம் காலாண்டின் சரிவில் பெரும்பகுதி கீழை நாடுகளைச் சார்ந்தது என நிறுவனமே தெரிவித்தது.

ஒப்பீடும் பயனுடையது. 2014 நவம்பரில் வந்த ‘வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனார்’ விரிவாக்கம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களுடன் தொடங்கி, 2015 மார்ச் இறுதியில் 71 இலட்சமாகவும் ஜூன் இறுதியில் 56 இலட்சமாகவும் சுருங்கியது. ‘கேட்டக்ளிசம்’ ஒன்றரை ஆண்டில் இழந்ததைவிட அதிகமானோரை அது சில மாதங்களில் இழந்தது. மாதச் சந்தா முறை, விளையாட்டின் வயது, புதிய போட்டிகள் ஆகிய நீண்டகாலக் காரணங்கள் எவ்விரிவாக்கத்தையும் தாண்டிச் செயற்பட்டன என்பது இதனால் புலனாகிறது.

6. திருத்தத்தின் நிறையும் குறையும்

எண்ணிக்கைகளை ஒதுக்கிவிட்டுப் படைப்பை நோக்கினால், ‘கேட்டக்ளிசம்’ பழைய உலகிற்கு அளித்த மிக முக்கியமான பண்பு காலவுணர்வு ஆகும். 2004இன் அசெரோத்தில் காலம் நகரவில்லை. ஒருவர் கொன்ற பகைவன் அடுத்தவருக்காக மீண்டும் எழுவான். முடித்த பணி முடியாததாகவே நிற்கும். 2010இன் உலகம் முன்னர் நிகழ்ந்தவற்றுக்கு விளைவுகள் உண்டு எனக் காட்டியது.

வெஸ்ட்ஃபால் பகுதி இதற்குச் சிறந்த சான்று. பழைய வடிவில், தலைநகரைக் கட்டியெழுப்பியும் கூலி மறுக்கப்பட்ட கற்றச்சர்கள் எட்வின் வான்கிளீஃப் தலைமையில் கொள்ளையராக மாறியிருந்தனர். ஆட்டக்காரர்கள் டெட்மைன்ஸ் சுரங்கத்தில் அவனைக் கொன்றனர். புதிய வடிவில் அதே வயல்வெளிகள் வீடிழந்த ஏழை மக்களால் நிறைந்துள்ளன. அவர்களிடையே கருணையுடன் பணியாற்றும் பெண், தந்தையின் கொலையைச் சிறுமியாக இருந்து கண்ட வனெசா வான்கிளீஃப் எனப் பின்னர் தெரியவருகிறது. முன்னர் வீரச்செயலாகக் கொண்டாடப்பட்டது மறுபக்கத்திலிருந்து பார்க்கப்படுகிறது. ஆட்டக்காரர்களின் ஆறாண்டுச் செயலையே வரலாறாக்கி, அதன் பொறுப்பை அவர்கள்மேல் வைக்கும் இவ்வமைப்பு இவ்விளையாட்டில் அதற்கு முன் அரிதாகவே காணப்பட்டது.

ஸ்டோன்டாலன் மலைத்தொடரின் பணிவரிசையும் அத்தகையது. படைத்தலைவன் ஒருவன் மரபறிவு பயிலும் இடத்தின் மீது பெருங்குண்டு வீசுகிறான். அவன் பக்கத்தில் நின்று பணியாற்றிய ஆட்டக்காரர் அச்செயலுக்கு உடந்தையாகிறார். தலைவன் கரோஷ் வந்து அவனைத் தண்டிக்கிறான். போரில் கீழ்ப்படிதல் எங்கு முடிய வேண்டும் என்னும் வினாவை இடைநிலைப் பகுதியொன்றின் பணிவரிசை எழுப்பியது.

இத்தகுதிகளுக்கு எதிராக இரு குறைகளைச் சுட்ட வேண்டும். ஒன்று, ஒழுங்கின் விலை. புதிய பணிவரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. வழிதவறுவதற்கும் பிறர் உதவியை நாடுவதற்கும் இடமில்லை. பல பேர் சேர்ந்து முடிக்க வேண்டியிருந்த பணிகள் பெரும்பாலும் தனியொருவருக்குரியனவாயின. நீண்ட நடையும் பொதுவான இடரும் அறிமுகமற்றோரை ஒன்றிணைத்திருந்தன. சீர்திருத்தம் அக்கரடுமுரடோடு அக்கூட்டுறவையும் களைந்தது. மற்றொன்று, கால ஒழுங்கின் பிறழ்ச்சி. புதியவர் டெத்விங்கிற்குப் பிந்தைய உலகில் அறுபதாம் நிலை வரை வளர்ந்து, பின்னர் கதைப்படி அதற்கு முந்தைய அவுட்லேண்டுக்கும் நார்த்ரெண்டுக்கும் சென்று, மீண்டும் நிகழ்காலத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. 2020இல் எந்த விரிவாக்கத்தின் காலத்தில் வளர்வது என ஆட்டக்காரரே தேர்ந்துகொள்ளும் முறை வரும்வரை இப்பிறழ்ச்சி நீடித்தது.

வெஸ்ட்ஃபாலின் சான்று இங்கு வேறொரு பொருளும் பெறுகிறது. வனெசாவின் கதை, அவள் தந்தையின் கதையை அறிந்தவருக்கே முழுமையாக விளங்கும். ஆனால் தந்தையின் கதை அமைந்த வெஸ்ட்ஃபால் அதே நாளில் நீக்கப்பட்டது. மூலம் நீக்கப்பட்டுத் தொடர்ச்சி மட்டும் எஞ்சியது. திருத்தத்தின் சிறந்த பகுதிகளே தம்முன் இருந்த வடிவத்தைச் சார்ந்து நிற்கின்றன. அவ்வடிவத்தை அழித்ததால் அவை தம் பொருளையும் ஓரளவு இழந்தன. தொல்லியல் என்னும் புதிய தொழிலை இவ்விரிவாக்கமே அறிமுகப்படுத்தியது என்பது கருதத்தக்கது. அழிந்த இனங்களின் துண்டுகளைத் தோண்டியெடுத்த ஆட்டக்காரர்களுக்கு, இரு வாரங்களுக்கு முன் தாம் நடந்த நிலத்தின் ஒரு துண்டையும் மீட்கும் வழி இல்லை.

7. இழப்பும் மீட்பும்

நிறுவனம் வைத்திராத காப்பகத்தை ஆட்டக்காரர்கள் உரிமையின்றி அமைத்தனர். பழைய பயனர் மென்பொருள், பணித்தொகுப்புத் தளங்கள், காணொளிகள், நினைவுகள் ஆகியவற்றைக் கொண்டு சேவையகத்தின் நடத்தையை ஊகித்து மீளக் கட்டினர். அத்தகைய தனியார் சேவையகங்களுள் 2015இல் தொடங்கிய ‘நாஸ்டால்ரியஸ்’ பெரும்புகழ் பெற்றது. அது 2006ஆம் ஆண்டின் 1.12 பதிப்பை அடியொற்றியது. நிறுவனத்தின் சட்ட அறிவிப்பைத் தொடர்ந்து 2016 ஏப்ரல் 10 அன்று அது மூடப்பட்டது. அதைத் தொடர்ந்த விண்ணப்பத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர்; சேவையகத்தை நடத்தியோர் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டுப் பேச்சு நிகழ்ந்தது.

பழைய பதிப்புக்கான சேவையகம் பற்றி 2013 மாநாட்டில் கேட்கப்பட்டபோது, அதை விரும்புவதாக எண்ணுவோர் உண்மையில் அதை விரும்பவில்லை என்னும் பொருளில் தயாரிப்புப் பொறுப்பாளர் ஜே. ஆலன் பிராக் விடையளித்திருந்தார். அவரே 2017 நவம்பர் மாநாட்டில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்’ திட்டத்தை அறிவித்தார். 2018 ஜூனில் வெளியான தொழில்நுட்ப விளக்கத்தின்படி, 1.12 பதிப்பின் தரவுகள் நிறுவனத்தின் காப்புகளில் கிடைத்தன. அவை புதிய மென்பொருள் ஏற்கும் வடிவுக்கு மாற்றப்பட்டன. பழஞ்சுவடியைப் புதிய எழுத்தில் பெயர்த்தெழுதும் பணிக்கு இது ஒப்பானது. 2019 ஆகஸ்டில் அவ்வுலகம் மீண்டும் திறக்கப்பட்டது.

மீட்கப்பட்டது உலகமே, அதை முதன்முறை கண்டோரின் அறியாமை மீளவில்லை. ‘மோல்ட்டன் கோர்’ போர்க்களத்தின் இறுதிப் பகைவனை வீழ்த்த 2005இல் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் தேவைப்பட்டன. 2019இல் முதல் வாரத்துக்குள் அது நிகழ்ந்தது. பதிப்பை மீட்டாலும் அதன் முதல் வாசகரை மீட்க இயலாது.

பிற விளையாட்டுகளின் வரலாறு இம்முடிவை வலுப்படுத்துகிறது. ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ 2005 நவம்பரில் தன் தொழில்முறைகளை முற்றாக மாற்றியது. முந்தைய வடிவை வழங்காமலே 2011 டிசம்பரில் மூடப்பட்டது. ‘ரூன்ஸ்கேப்’ 2012 நவம்பரில் போர்முறையை மாற்றியபோதும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் அதன் நிறுவனமான ஜேகெக்ஸிடம் 2007 ஆகஸ்ட் மாதத்துப் படியொன்று இருந்தது. அதைக் கொண்டு மூன்றே மாதங்களில், 2013 பிப்ரவரியில், ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ தொடங்கப்பட்டது. ஒத்த பிழையைச் செய்த நிறுவனங்களுள் காப்புப்படியை வைத்திருந்து, அதைத் திறந்துவிட இசைந்த நிறுவனமே அதை விரைவில் ஈடுசெய்தது.

8. வடிவமைப்பு மரபில் எஞ்சிய பாடம்

‘கேட்டக்ளிசம்’ அளித்த பாடம் விளையாட்டுக்குள்ளும் பதிவாகியுள்ளது. 2014இல் பிளாஸ்டட் லேண்ட்ஸ் பகுதி கதைக்காக மாற்றப்பட்டபோது, ஸிடோர்மி என்னும் பாத்திரம் அங்கு நிறுத்தப்பட்டது. அவளிடம் கேட்டால் மாற்றத்துக்கு முந்தைய காலத்துக்கு ஆட்டக்காரரை அனுப்புவாள். மீண்டும் கேட்டால் நிகழ்காலத்துக்குக் கொணர்வாள். பின்னர் சிலிதஸ், டார்க்‌ஷோர், டிரிஸ்ஃபல் முதலிய பகுதிகள் அழிக்கப்பட்டபோதும் இதே முறை பின்பற்றப்பட்டது. மாற்றம், காப்பு ஆகிய இரண்டும் ஒருங்கே இயலும் என்பதை இம்முறை மெய்ப்பித்தது.

2010இல் இவ்வழி ஏன் மேற்கொள்ளப்படவில்லை என்னும் வினா எழலாம். ஒரே இடத்தை வெவ்வேறு ஆட்டக்காரருக்கு வெவ்வேறு நிலையில் காட்டும் நுட்பம் 2008 முதலே கையாளப்பட்டது. ஆயினும் இரு கண்டங்களை முழுமையாக இரட்டிப்பாக்கிப் பேணுவது சேமிப்பு, பராமரிப்பு ஆகியவற்றில் மிகுந்த சுமையாகியிருக்கும்; மக்கள்தொகை இருகூறாகப் பிரியும் அச்சமும் பொருளற்றதன்று. ஆகவே அன்றைய முடிவை அலட்சியம் எனக் கூறுதல் பொருந்தாது. பழைய உலகம் ஒருநாள் வரலாற்றுப் பொருளாக நாடப்படும் என்னும் எண்ணம் அப்போது உருவாகியிருக்கவில்லை. அவ்வெண்ணம் உருவானதே இவ்விழப்பின் விளைவாகத்தான்.

2024 மே 20 அன்று ‘கேட்டக்ளிசம் கிளாசிக்’ வெளியானபோது சூழல் மாறியிருந்தது. 2021இல் ‘பர்னிங் குருசேட் கிளாசிக்’ வந்தபோதே, முன்னேற விரும்பாதோருக்காக முதல் பதிப்பின் சேவையகங்கள் தொடர்ந்து இயங்க விடப்பட்டன. எனவே 2024இல் டெத்விங் நிலத்தைப் பிளந்தபோது எதுவும் அழியவில்லை. பிளவுக்கு முந்தைய பேரன்ஸ் மற்றொரு சேவையகத்தில் அப்படியே இருந்தது. 2010இல் இழப்பின் கருவியாக இருந்த அதே விரிவாக்கம், 2024இல் பல பதிப்புகளுள் ஒன்றாயிற்று. வெஸ்ட்ஃபாலின் இரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கண்டு ஒப்பிடும் வாய்ப்பு முறையான வழியில் இருந்தது.

9. முடிவுரை

‘கேட்டக்ளிசம்’ விளையாட்டை வீழ்த்தியது என்னும் வழக்குத் தீர்ப்பு சந்தாதாரர் எண்ணிக்கையை மேலோட்டமாகக் கொண்டது. அச்சரிவில் சீன வெளியீட்டின் காலவேறுபாடும் நீண்டகாலக் காரணங்களும் கலந்துள்ளன. கடினத்தன்மை பற்றிய குறை ஆள்சேர்க்கும் முறையுடனான முரணில் பிறந்தது. உள்ளடக்கப் பற்றாக்குறை உண்மையாயினும் இவ்விரிவாக்கத்துக்கு மட்டும் உரியதன்று.

உலகைத் திருத்தியமைத்த பணியில் தேவையும் திறனும் இருந்தன. நிலைத்து நின்ற உலகுக்குக் காலத்தையும் விளைவையும் அது அளித்தது. அதே பணி முந்தைய வடிவை அணுக இயலாததாக்கி, தன் சிறந்த பகுதிகளுக்கே அடிப்படையாக இருந்த மூலத்தை அகற்றியது. தனியார் சேவையகங்கள், ‘கிளாசிக்’ பதிப்பு, ஸிடோர்மி என்னும் பாத்திரம் ஆகிய மூன்றும் அவ்விழப்பை ஈடுசெய்ய எழுந்த முயற்சிகளாகவே விளங்குகின்றன.

இம்மீட்பும் முழுமையானதன்று. ‘கிளாசிக்’ சேவையகங்களும் நிறுவனத்தின் இசைவில் இயங்குபவையே. அவ்விசைவு நீங்கின் 2010 நவம்பர் 23 மீண்டும் நிகழலாம். கோடிக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் கூடி வாழ்ந்த ஓர் உலகின் பழைய வடிவங்களைப் பேணும் பொறுப்பு அவ்வுலகை விற்போரிடம் மட்டும் இருக்கலாகுமா என்பதே ‘கேட்டக்ளிசம்’ எழுப்பி, இன்றும் விடைகாணப்படாத வினாவாகும். நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் இணைய உலகங்களின் சேவையகப் படிகளைக் காப்பதற்குரிய சட்ட வழிவகைகளை ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.